அரைக்கையாக்கிய சட்டை

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் தார்ப்பாயில் கொட்டி விற்கும் பழைய துணியில்தான் எனக்குச் சட்டை கிடைக்கும். பெரிய காலர், தடித்த கட்டம். புதுக்கடையில் அதெல்லாம் வராது. கையை வெட்டித் தைத்து ஜீன்ஸோடு போட்டுக்கொள்வேன்.

ஓர் அக்காவும் வாராவாரம் அந்தக் குவியலைக் கிளறுவார். கரும்புத் தோட்டத்தில் சோகை உரிப்பவர். அந்தக் காய்ந்த இலை கையைக் கிழிக்காமலிருக்க, சேலைக்கு மேல் ஆம்பிளைகளின் முழுக்கைச் சட்டை போட்டிருப்பார். எந்தச் சட்டையை எடுத்தாலும் முதலில் காலரைத்தான் திருப்பிப் பார்ப்பார்.

ஒருநாள் நான் போட்டிருந்த சட்டையின் காலரைத் திருப்பினார். உள்ளே சிவப்பு நூல் தையல்.

"நான் போட்ட தையல் பாப்பா. எங்க வூட்டுக்காரர் சட்ட. கருமாதி முடிஞ்ச கையோட எம் மாமியா பாத்திரக்காரன்கிட்ட போட்டு அன்னக்கூடை வாங்கிக்கினாங்க."

அடுத்த வாரம் கொண்டுபோய்க் கொடுத்தேன். சட்டையின் வெட்டிய கையைத் தடவிப் பார்த்தார்.

"வெட்டுன துணி இருக்குதா பாப்பா?"

குப்பையில் போட்டுவிட்டிருந்தேன்.

போன மாதம் பஸ்ஸில் என் பக்கத்தில் நின்றார். சேலைக்கு மேல் அதே சட்டை. கம்பியைப் பிடித்திருந்த கையில், நான் வெட்டிய இடத்திலிருந்து மணிக்கட்டுவரை, சோகை கிழித்த கோடுகள்.