தோப்புக்குப் போன பீரோ

தேர்தல் அறிவித்துவிட்டார்கள். லைசென்ஸ் துப்பாக்கிகளை ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். ஜெயங்கொண்டம் டீக்கடை பெஞ்சில் என் பக்கத்தில் இருக்கும் முந்திரி விவசாயி, வேட்டியில் சுற்றிய இரண்டு துப்பாக்கிகளைக் கைக்குழந்தைகள்போல மடியில் வைத்திருக்கிறார். ஒன்று புதிது. மற்றது அவர் தாத்தா காலத்து லீவர் துப்பாக்கி. துணி விலகிய இடத்தில், விசையைச் சுற்றித் தோட்டா ஏற்ற இழுக்கும் இரும்பு வளையம், கைபட்டுப் பளபளக்கும் கட்டை. எனக்கு எச்சில் ஊறுகிறது.

"புதுசு சுடறதுக்கு, பழசு அழகுக்கா?" என்கிறேன்.

"அப்படித்தான் நெனச்சேங்க. முந்திரிய நாசம் பண்ற குரங்க வெரட்டப் புதுசுல வானத்தப் பாத்துச் சுட்டா, அது பக்கத்து மரத்துக்குத்தான் தாவுது. பழசுக்குத் தோட்டாவே கெடைக்கல. ஆனா வளையத்த சடக் சடக்குனு இழுத்தாப் போதும், ஒரு குரங்கு நிக்காது."

"இனி தேர்தல் முடியறவரைக்கும் குரங்கை எப்படி விரட்டுவீங்க?"

"எங்க வூட்டு இரும்பு பீரோ கைப்பிடியத் திருப்புனா அதே சத்தங்க. நேத்தே வண்டியில ஏத்தித் தோப்புல எறக்கிட்டோம். பொண்டாட்டி புடவையெல்லாம் கட்டில்ல கெடக்கு."

டீயை முடித்துத் துப்பாக்கிகளோடு எழுகிறார். ஸ்டேஷனைப் பார்த்துக் குரலைத் தாழ்த்துகிறார்.

"பீரோவையும் ஒப்படைக்கச் சொல்வாங்களா சார்?"