கல்யாண வாழைக்குக் கீழே இருந்த வேர்

கேரள எல்லையோர ஊரான பாறசாலையை விட்டு நடந்துகொண்டிருந்தேன். தோளில் இரண்டு வாழைகள். கல்யாண மண்டப வாசலில் இரண்டு நாள் நின்றவை. குலைகளைப் பெண் வீட்டார் வெட்டிக்கொண்டார்கள். இலைகள் வாடித் தொங்கின. தண்டில் சிவப்பு வர்ணக் காகிதம் சுற்றியபடியே இருந்தது. வெயிலில் நீர் வற்றிப்போனதால்தான் ஓர் ஆளால் தூக்க முடிந்தது.

பந்தல்காரர் சொன்னது இவ்வளவுதான்: "எங்கயாவது கொண்டு தட்டிட்டு வா, எலே."

அவரிடம் வேலை மோசமில்லை. கட்டிய பந்தலுக்குக் கீழேயே படுக்கை, மிஞ்சிய சாம்பாரில் சாப்பாடு. ஆனால் தட்டுவதற்குத்தான் இடம் கிடைக்கவில்லை. முதல் பாலத்தில் குப்பை போடுகிறவர்களைப் படம்பிடிக்கக் கம்பத்தில் கேமரா வைத்திருந்தார்கள். அதன் கீழே கொஞ்ச நேரம் நின்று, முகத்தை நன்றாகக் காட்டிவிட்டு, மேலே நடந்தேன். அடுத்த கால்வாயில் கேமரா இல்லை. கேமரா உண்டு என்று பலகை மட்டும் இருந்தது. பலகைக்குத்தான் அதிகம் பயந்தேன். அதற்கப்பால் ஒரு காலி மனையில், வீடு வீடாகப் பிளாஸ்டிக் எடுக்கிற பெண்கள் பச்சைக் கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்து சோறு தின்றுகொண்டிருந்தார்கள்.

"எலே, அதை இங்க போட்டா நீயும் கூடவே கிடக்கணும், கேட்டியா?" என்றார் ஒருவர்.

"இது பிளாஸ்டிக் இல்ல அக்கா, வாழையாக்கும்."

"அப்பம் அந்தச் சிவப்புக் காகிதம்? வாழை பூத்ததோ?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு நடந்தேன். அதற்குள் பந்தல்காரரிடம் திரும்பிப் போவதில்லை என்று ஆகியிருந்தது. கோபம் ஒன்றும் இல்லை. ஓர் இடத்திலிருந்து கொஞ்ச தூரம் வந்துவிட்டால் என் கால் திரும்பாது. பள்ளிக்கூடமும் அப்படித்தான். எட்டாம் வகுப்பில் தண்ணீர் குடிக்க வெளியே வந்தவன்.

கொல்லயில் என்கிற ஊர்ப் பக்கம் ரோட்டோரத்தில் ஒரு வெறும் மனை. புதுச் செம்மண் பரப்பியிருந்தது. அதன் நடுவே ஐம்பது வயது இருக்கும் ஓர் அக்கா, மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றார். வாழையைக் கண்டதும் கையைக் காட்டினார்.

"மக்கா, அது விக்கவா?"

"இல்லக்கா, தட்டவாக்கும்."

"அப்பம் இங்க தட்டு. நட்டுத் தட்டு."

குடிக்கக் கஞ்சிவெள்ளம் தந்துவிட்டு விஷயத்தைச் சொன்னார். வீடு கட்ட அரசு உதவி அனுமதியாகியிருக்கிறது. இப்போது அவரும் படுத்த படுக்கையான கணவரும் தார்ப்பாய் போட்ட ஒரு சாய்ப்பில் இருக்கிறார்கள். மழை பெய்தால் கட்டிலை மூன்று மூலைக்கும் மாறி மாறி இழுப்பார்களாம். நாலாவது மூலையில் அடுப்பு. கட்ட வேண்டிய இடம் இந்த மனை. ஆனால் பதிவில் இது வயல். வயலில் வீடு கட்ட விடமாட்டார்கள். அவருடைய அப்பா, அந்தச் சட்டம் வருவதற்கெல்லாம் முன்பே மண்ணடித்து மேடாக்கி, கரையாக்கித் தென்னை வைத்த இடம். அதை நேரில் பார்த்து உறுதி செய்ய விவசாய அதிகாரி அன்று சாயங்காலம் வருகிறார். பழைய தென்னைகளைக் காட்டினால் போதும்.

"அப்பம் தெங்கு எங்கக்கா?"

"முறிச்சாச்சு."

"எதுக்கு?"

"வீடு வைக்க இடம் வேண்டாமா மக்கா?"

உதவி அனுமதியான சந்தோஷத்தில் நாலு தென்னையையும் வெட்டி, ஜேசிபியை வைத்து அடிக்கட்டையையும் பிடுங்கி, பள்ளம் தெரியாமல் மேலே செம்மண்ணும் போட்டிருக்கிறார். இப்போது யார் பார்த்தாலும், நேற்று ராத்திரி திருட்டுத்தனமாக நிரப்பிய வயல் என்றுதான் சொல்வார்கள். அதனால் மரம் என்று சொல்ல ஏதாவது ஒன்று நிற்க வேண்டும்.

குழி வெட்டினேன். மேல்மண் போனதும் மண்வெட்டி எதிலோ சிக்கிச் சிக்கி நின்றது. கயிறு போல ஏதோ. அறுத்துத் தள்ளிவிட்டு வாழையை இறக்கினேன். காகிதத்தை உரித்தால் ஆணி அடித்த பொத்தல்கள் தெரிந்தன. காகிதம் இருக்கட்டும் என்று இருவரும் முடிவு செய்தோம்.

தப்பு என் கையில் நடந்தது. நான் அதுவரை வாழை நட்டதெல்லாம் ஒரே விதம்தான். ரோட்டைப் பார்த்து, இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று, நடுவே ஆட்கள் நுழைய வழி. கை தானாக அப்படியே நட்டுவிட்டது.

முதலில் பக்கத்து வீட்டுக்காரி வந்தார். முகம் கடுகடு என்றிருந்தது. "மதிலுக்கு இந்தப் பக்கம் இருக்கேன், ஒரு வார்த்தை பறையல்லியே! யாருக்கக் கல்யாணமாக்கும்?" பின்னால் ஓர் ஆட்டோ நின்றது. பிறகு தேய்த்த வேட்டியில் ஒரு மாமா, "முகூர்த்தம் முடிஞ்சுதா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். கல்யாணம் இல்லை என்றால் வாழை எதற்கு என்று சொல்ல வேண்டும். அதைச் சொன்னால் அதிகாரி காதுக்குப் போய்விடும். அக்கா எதையும் சொல்லாமல் எல்லோருக்கும் சாயா போட்டார். சாயா கொடுத்ததும் கல்யாணம் என்பது உறுதியாகிவிட்டது.

இந்தக் கூட்டத்துக்குள் அதிகாரி வந்து இறங்கினார். குடை பிடித்த சின்ன வயதுப் பெண். கூடவே வார்டு மெம்பர். மெம்பர் கூட்டத்தைக் கண்டதும் கும்பிட்டபடியே உள்ளே நுழைந்து, "பெண்ணு எங்க? பெண்ணைக் காணட்டு," என்றார்.

அதிகாரி வாழைகளையே பார்த்தார். "சேச்சி, இது எத்தர காலமாட்டு இங்க நிக்குது?"

"ரொம்பக் காலமாட்டு உண்டு, மேடம்."

"காகிதத்தோடயா?"

அக்கா என்னைப் பார்த்தார். நான் ஆட்டோவைப் பார்த்தேன். அந்த நேரத்தில் தேய்த்த வேட்டி மாமா போட்டோ எடுக்கச் சொல்லி போனை ஒருவரிடம் கொடுத்துவிட்டு, வாழையில் ஸ்டைலாகச் சாய்ந்தார். வாழையும் அவரோடு சேர்ந்து சாய்ந்தது. இரண்டு பேரும் அவசரமில்லாமல் தரையில் படுத்தார்கள்.

அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். வீடு போயிற்று என்றுதான் நானும் நினைத்தேன்.

அதிகாரி வாழையைத் தாண்டிப் போய்க் குழிக்குள் குனிந்தார்.

"இது ஆரு வெட்டினது?"

"நானாக்கும்." போலீஸ் ஜீப்பில் உட்கார இடமாவது கிடைக்கும் என்று எண்ணிக்கொண்டேன்.

"இன்னும் ஆழமாட்டு வெட்டு."

இடுப்பளவு வெட்டினேன். குழியின் நாலு பக்கமும் அறுந்த தென்னை வேர், தும்புக்கயிற்றுக் கட்டுகளைப் பிரித்துப் போட்டது போல. அதற்குக் கீழே காய்ந்த, கெட்டிப்பட்ட பழைய செம்மண். வயலின் கறுப்புச் சேறு கண்ணில் படவே இல்லை. அவர் குடையை மெம்பர் கையில் கொடுத்துவிட்டு, போனில் படம் எடுத்துக்கொண்டே இருந்தார்.

"தெங்குக்க வேரு இத்தர கிடக்குதே. இதை முதல்லயே பறயண்டாமா சேச்சி?"

"வேரையெல்லாம் யாரு பாப்பானு நெனச்சேன் மேடம்."

"கரையாக்கும்னு எழுதிக் குடுக்கேன். வீட்டுக்குத் தடை இல்ல." கொஞ்சம் நின்று சொன்னார்: "வாழையை மட்டும் எழுதமாட்டேன்."

அக்கா சாய்ப்புக்குள் ஓடிக் கணவரிடம் ஏதோ உரக்கச் சொன்னார். திரும்பி வந்து, வந்த எல்லோருக்கும் மறுபடியும் சாயா போட்டார். இந்தத் தடவை என்ன விசேஷம் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. பக்கத்து வீட்டுக்காரி பழம்பொரி கொண்டுவந்தார். மெம்பர் ஒரு சின்னப் பிரசங்கமே செய்துவிட்டார்.

வேட்டி மாமா மண்ணைத் தட்டிக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றார். "மக்கா, எனக்க இடத்தையும் வயலுன்னாக்கும் எழுதி வச்சிருக்கு. நாளைக்கு வந்து எனக்கும் ஒரு குழி வெட்டு. அந்த மேடத்தையும் வரச் சொல்லுகேன்."

"உங்க இடத்துல தெங்கு நின்னுதா?"

"அதெல்லாம் வெட்டினா வரும்."

மறுநாள் காலையில் அந்த வேலைக்குப் போனேன். வளைவுக்கு அப்பால் தாழ்ந்த இடம். சுற்றிலும் புல் நல்ல பச்சையாக இருந்தது. முதல் வெட்டுக்கு மண் கறுப்பாக, மெத்தென்று வந்தது. அடுத்த வெட்டுக்குத் தண்ணீர் ஊறியது. அதற்கடுத்த வெட்டுக்கு ஒரு தவளை மேலே வந்து, எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தது.

ரோட்டில் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. அதிகாரி வந்துவிட்டார்.

"மூடு எலே, மூடு!" என்றார் மாமா.

தவளை வெளியே ஏறட்டும் என்று மண்வெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அதற்கு அவசரம் ஒன்றும் இல்லை.