கௌதமுக்கு நான் போட்ட ஐந்து

கௌதம் செல்வராசா என்ற ஆட்டக்காரனுக்கு நான் முதலில் ஆறு போட்டேன். பிறகு அதை அழித்துவிட்டு ஐந்து போட்டேன். முப்பது வருட வேலையில் தெரியாமல் செய்த பிழைகள் பல. தெரிந்து செய்தது இது ஒன்றுதான்.

எங்கள் அணியின் கிரேடில் ஆறு என்றால் டிராஃப்டில் எடுக்கலாம். ஐந்து என்றால் இடம் மிஞ்சினால் யோசிக்கலாம். இடம் மிஞ்சுவதில்லை.

நான் ஓர் அமெரிக்கத் தொழில்முறை ஃபுட்போல் அணிக்கு லண்டனிலிருந்து ரிப்போர்ட் எழுதிக்கொண்டிருந்தேன். தலைக்கவசம் போட்டு, முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடும் ஆட்டம் அது. கல்லூரிகளில் ஆடுகிறவர்களைத் தொழில்முறை அணிகள் வருடத்துக்கொரு முறை வரிசைப்படி தெரிந்தெடுப்பதைத்தான் டிராஃப்ட் என்பார்கள். யாழ்ப்பாணத்தில் கணிதம் படித்த ஆள் இதற்குள் எப்படிப் புகுந்தார் என்று கேட்பார்கள். லண்டனுக்கு வந்த புதிதில் வீடியோ டேப் வெட்டித் தொகுக்கும் ஓர் இடத்தில் வேலை செய்தேன். அந்த ஆட்டத்தின் டேப்பைத் தொட அங்கே வேறு ஒருவருக்கும் விருப்பமில்லை. அவ்வளவுதான் கதை.

இப்போது இந்த வேலைக்கு நம்முடைய பிள்ளைகளும் வருகிறார்கள். அவர்கள் படிக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

1. ஸ்ட்ரெதத்தில் ஒரு மத்தியானம்

டிராஃப்டுக்கு முன் ஆட்டக்காரரின் வீட்டுக்குப் போய் விசாரிப்பதும் எங்கள் வேலை. பழைய காயங்கள், கோபம், பழக்கவழக்கம், பொலிஸ் பிரச்சினை என்று கேட்பதற்கு ஒரு பட்டியல் உண்டு. கௌதம் லண்டனில் பிறந்து, பள்ளியில் ரக்பி ஆடி, உதவிப்பணம் கிடைத்து அமெரிக்காவில் ஒரு சிறிய கல்லூரிக்குப் போனவன். நான் போன நேரம் அவன் அங்கேதான் இருந்தான். தென் லண்டனில் ஸ்ட்ரெதத்திலிருந்த வீட்டில் தாயும் தகப்பனும்.

தகப்பன் செல்வராசா கார் ஓட்டப் பழக்குகிறவர். வாசலில் சிவப்பு ‘எல்’ ஒட்டிய கார் நின்றது. கதவைத் திறந்தவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“தமிழோ?”

“ஓம்.”

“அட! அமெரிக்காக்காரன் வாறான் எண்டு மனிசி கேக் வாங்கி வைச்சிருக்கிறா. முதலே தெரிஞ்சிருந்தா வடை சுட்டிருப்பா. வாங்கோ அண்ணை, உள்ளுக்கு வாங்கோ. ஊரில எந்த இடம்?”

சொன்னேன். ஐந்து நிமிடத்துக்குள் என் தங்கையின் கணவருடைய ஒன்றுவிட்ட அண்ணர் செல்வராசாவுக்குப் பௌதிகம் படிப்பித்தவர் என்று கண்டுபிடித்துவிட்டார்கள். என் பட்டியலில் முதலாவது கேள்வியை நான் இன்னும் கேட்கவில்லை.

“அப்ப நீங்கள் எங்களுக்குச் சொந்தம்தானே,” என்றார் தாய். பிறகு குரலைத் தாழ்த்தி, “அண்ணை, உண்மையைச் சொல்லுங்கோ. இந்த விளையாட்டில பிள்ளைக்குக் கை கால் முறியாதோ?” என்று கேட்டார்.

“முறிக்கிறதுதானப்பா அவன்ர வேலை,” என்றார் செல்வராசா. “மற்ற ஆக்களின்ர.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு மணி நேரம் இருந்தேன். நல்ல குடும்பம், மறைக்க ஒன்றுமில்லை. புறப்படும்போது செல்வராசா கார் வரைக்கும் வந்தார்.

“நான் ஒண்டும் கேக்கேல்ல அண்ணை. எங்கட பொடியன் எண்டதை மட்டும் மறந்துபோடாதேங்கோ.”

அடுத்த சனிக்கிழமை, லண்டனில் தமிழ்க் கடைகள் நிறைந்த ஈஸ்ட் ஹாமில் மரக்கறி வாங்கிக்கொண்டு நின்றேன். முன்பின் தெரியாத ஒருவர் பக்கத்தில் வந்து, “செல்வராசாவின்ர மகனை அமெரிக்கா ரீமில போட்டு விடுறவர் நீங்கள்தானே?” என்றார். “எனக்கும் ஒரு மருமகன் இருக்கிறான். கிரிக்கெட். ஏதும் பாக்கேலுமோ?”

அவர் பகிடிக்குச் சொல்லவில்லை. முருங்கைக்காயை வைத்துவிட்டு வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தேன்.

2. அரை நொடி

கௌதம் ஒரு லைன்பேக்கர். லைன்பேக்கர் தடுக்கும் அணியின் இரண்டாவது வரிசையில் நிற்பவர். எதிரணி பந்தை எடுத்த கணத்தில் அது ஓட்டமா, எறிதலா, எந்தப் பக்கம் என்று படித்து, அந்த இடத்துக்குப் போய்விட வேண்டும். முதல் அடியை எப்போது எடுத்து வைக்கிறார் என்பதில்தான் எங்கள் கண் இருக்கும். உடம்பை ஜிம்மில் வளர்க்கலாம். முதல் அடியை வளர்ப்பது கடினம்.

கௌதமின் ஃபிலிம் எல்லாவற்றையும் பார்த்தேன். மைதானத்தின் மேலிருந்து இருபத்திரண்டு பேரும் தெரியும்படி எடுத்தவை. நல்ல ஆட்டக்காரன். தோளைத் தாழ்த்தி மோதுவான், மோதியவரை விடமாட்டான். முதல் நான்கு ஆட்டங்களில் அவனுடைய முதல் அடி மின்னல் மாதிரி இருந்தது. ஐந்தாவது ஆட்டத்திலிருந்து ஒரு மாற்றம். பந்து அவனுக்கு எதிர்ப் பக்கமாக ஓடும்போது அரை நொடி அசையாமல் நின்றான். பிறகுதான் துரத்தினான். அந்த அரை நொடியில் பந்து நான்கு யார்டு போய்விடும்.

எறிதல் ஆட்டங்களில் அந்தத் தாமதம் இல்லை. அவன் பக்கமாக ஓடி வந்தாலும் இல்லை. ஒரே ஒரு வகை ஓட்டத்துக்கு மட்டும்.

இப்படி ஃபிலிமால் விளங்காத ஒன்று வந்தால் என்ன செய்வது என்று எங்கள் வேலையில் ஒரு வழக்கம் இருக்கிறது. அவனைப் பயிற்றுவிக்கும் கோச்சுக்குப் போன் பண்ணிக் கேட்க வேண்டும். ஒருவனுக்கு என்ன சொல்லிக் களத்தில் இறக்கினார்கள் என்பது ஃபிலிமில் தெரியாது. வேறு நூறு பேருக்காக நான் அப்படிப் போன் எடுத்திருக்கிறேன்.

ரிப்போர்ட்டில் ஆறு என்று எழுதி, ‘தாமதத்துக்குக் காரணம் கேட்க வேண்டும்’ என்று பக்கத்தில் குறித்து வைத்தேன்.

3. மார்சியின் பகிடி

என் மேலதிகாரி மார்சி அமெரிக்காவிலிருந்து வாரம் ஒரு முறை வீடியோவில் பேசுவார். நேர்மையானவர், வாய் கொஞ்சம் நீளம். அன்று பட்டியலைப் பார்த்தவர் சிரித்தார்.

“செல்வராசாவா? உன் பெயரைப் போலவே இதையும் என்னால் ஒழுங்காகச் சொல்ல முடியவில்லை. உன்னுடைய மருமகனோ?”

“இல்லை,” என்றேன்.

“பகிடிக்குக் கேட்டேன். உன் நம்பரில் நான் ஒருநாளும் கை வைத்ததில்லை. உனக்கு யாரும் சொந்தமில்லை என்று எல்லோருக்கும் தெரியும்.”

அந்த நேரமே, ‘குடும்பம் எனக்குத் தெரிந்ததாகிவிட்டது, வேறு ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள்’ என்று சொல்லியிருக்கலாம். ஒரு நிமிட வேலை. சொல்லவில்லை. ‘உனக்கு யாரும் சொந்தமில்லை’ என்ற அந்த வார்த்தை எனக்கு ஒரு பட்டம் மாதிரி இருந்தது. அதை இழக்க மனம் வரவில்லை.

மறுநாள் கோச்சின் நம்பரை எடுத்து வைத்துக்கொண்டு போனைப் பார்த்தபடி இருந்தேன். என் பெயரைச் சொன்னதும் அவரும் அதே கேள்வியைக் கேட்பார் என்று தோன்றியது. தமிழன் ஒருவன் தமிழ்ப் பையனுக்காகக் காரணம் தேடுகிறான் என்று நினைப்பார். ஈஸ்ட் ஹாமில் கண்ட மனிதரின் முகமும் நினைவுக்கு வந்தது. போனை எடுக்கவில்லை. பக்கத்தில் எழுதிய குறிப்பை அழித்தேன். ‘ஓட்டத்தைப் படிப்பதில் தாமதம்’ என்று எழுதினேன். ஆறை அழித்து ஐந்து போட்டேன்.

அன்று எனக்கு மனச்சாட்சி குத்தவில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும். பெரிய நேர்மையான காரியம் ஒன்றைச் செய்துவிட்ட நிம்மதியோடு தேநீர் போட்டுக் குடித்தேன்.

கௌதமின் கல்லூரி சிறியது. அவனைத் தேடிப் பார்த்த அணி எங்களுடையது ஒன்றுதான். டிராஃப்ட் முடிந்தது. அவனுடைய பெயர் வரவில்லை. பெயர் வராதவர்களிலும் சிலருக்கு அணிகளிலிருந்து போன் வரும். அதுவும் அவனுக்கு வரவில்லை.

4. கோச் சொன்னது

அடுத்த இலையுதிர்காலத்தில் அதே கல்லூரியில் இன்னொரு ஆட்டக்காரனைப் பற்றி விசாரிக்க அந்தக் கோச்சுக்கே போன் பண்ண வேண்டி வந்தது. இவன் வேற்றினத்தான். ஆகையால் யோசிக்காமல் எடுத்தேன். போன வருடம் தடுப்பின் முன்வரிசையில் இடது ஓரம் நின்றவன் அவன்.

“முழங்கால் இப்போது எப்படி?” என்று கேட்டேன்.

“நன்றாக இருக்கிறது. போன வருடம் நாலாவது ஆட்டத்தில் அடிபட்டது. வேறு ஆள் இல்லாததால் வைத்து ஓட்டினோம். அவனால் திரும்பி ஓட முடியாது. பந்து மறுபக்கம் போய்விட்டுத் திரும்பி அவன் பக்கம் வந்தால் பிடிக்க ஆள் இல்லை. அதனால் பின்னால் நின்ற லைன்பேக்கரிடம் சொன்னேன், ‘நீ ஒன்று எண்ணிவிட்டுப் போ’ என்று. அந்த லண்டன் பையன். சீசன் முடியும் வரை ஒரு ஆட்டத்திலும் மறக்கவில்லை. தன்னுடைய ஃபிலிம் கெடும் என்று அவனுக்குத் தெரியும். ஒரு வார்த்தை சொல்லவில்லை.”

நான் கௌதமின் பழைய ரிப்போர்ட்டைத் திரையில் திறந்தேன்.

“ஒருவரும் என்னிடம் கேட்கவில்லை,” என்றார் அவர். “அவனைப் பற்றி ஒருவராவது கேட்பார்கள் என்று காத்திருந்தேன்.”

5. இரண்டாவது ரிப்போர்ட்

அனுப்பிய ரிப்போர்ட்டைத் திருத்த எங்களுக்கு அனுமதியில்லை. ஆனால் மேலதிகமாக ஒன்று எழுதலாம். எழுதினேன். கோச் சொன்னதை முதலில் எழுதினேன். கிரேடு ஆறு என்று எழுதினேன். முதலில் ஏன் ஐந்து போட்டேன் என்பதையும் ஒளிக்காமல் எழுதி, வேறு ஒருவரைக் கொண்டு அவனைப் பார்க்கச் சொன்னேன்.

மார்சி உடனே கூப்பிட்டார். இந்த முறை பகிடி இல்லை.

“நீ எழுதிய மற்ற நம்பர்களையெல்லாம் இனி நான் எப்படி நம்புவது?”

“தெரியாது. சந்தேகமானவற்றைத் திரும்பப் பாருங்கள்.”

“அந்தப் பையனிடம் சொன்னாயா?”

“இல்லை.”

“முதலில் அதைச் செய்.”

ஞாயிற்றுக்கிழமை ஸ்ட்ரெதத்துக்குப் போனேன். இந்த முறை தாய் வடை சுட்டிருந்தார். அதை உண்ண முதலே சொல்லிவிட வேண்டுமென்று நின்றபடியே சொன்னேன். கௌதம் பயிற்சி முடித்து வந்து ஈரத் தலையோடு படியில் உட்கார்ந்திருந்தான். பகலில் ஜிம்மில் வேலை, காலையும் மாலையும் தனியாக ஓட்டம். நான் சொல்லி முடித்தபோது தகப்பன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“எங்கட ஆள் எண்டபடியால் குறைச்சுப் போட்டனீங்களோ?” என்று தாய் கேட்டார். “வெள்ளைக்காரன் வந்திருந்தா ஆறு போட்டிருப்பானோ?”

“கோச்சைக் கேட்டிருப்பான், தங்கச்சி. கேட்டிருந்தால் ஆறுதான்.”

“நான்தான் அண்ணை வாயை வைச்சுக்கொண்டு சும்மா இருக்காமல் ஊரெல்லாம் சொன்னனான்,” என்றார் செல்வராசா.

“நீங்கள் சொன்னது பிழையில்லை. எழுதினது நான்.”

கௌதம் முதன்முறையாகப் பேசினான். “அங்கிள், அது டூ மினிட்ஸ் போன் கோல். என்ர வன் இயர்.”

“ஓம்.”

“நான் ஸ்லோ எண்டு நானே நம்பத் தொடங்கிட்டன். யூ நோ தட்?”

புதிதாக எழுதியதன் பிரதியைக் கொடுத்தேன். அதில் கோச் சொன்ன இடத்தை அவன் இரண்டு தரம் வாசித்தான். எழுந்து உள்ளே போனவன் திரும்பி வந்து, “வடையைச் சாப்பிடுங்கோ, ஆறுது. அம்மா பாவம்,” என்றான்.

வசந்தத்தில் மார்சி வேறொரு ஆளை லண்டனுக்கு அனுப்பினார். கௌதமை ஓடவிட்டுப் பார்த்தார்கள். ஃபிலிமை முதலிலிருந்து பார்த்தார்கள். என்னைப் பக்கத்திலேயே விடவில்லை. அது சரியான முடிவு. அவனைப் பயிற்சி முகாமுக்கு எடுத்தார்கள். முகாமுக்குப் போகிறவர்களில் பலரைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அவனையும் அனுப்பலாம். ஆனால் இந்த முறை அவன் ஆடுவதைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள்.

நான் அந்தக் கோடையில் ஓய்வு பெற்றேன். யாரும் போகச் சொல்லவில்லை. என் பழைய ரிப்போர்ட்டுகளைத் திரும்பப் பார்க்கும் வேலையில் மார்சிக்கு உதவி செய்து முடித்துவிட்டுத்தான் போனேன்.

இளையவர்களுக்கு நான் சொல்வது இதுதான். நம்முடைய ஆள் என்று கூட்டிப் போடுவது பிழை என்று எல்லோரும் சொல்லித் தருவார்கள். குறைத்துப் போடுவதும் அதே பிழை. அதைச் செய்யும்போது உங்களை நல்லவர் என்று நினைத்துக்கொள்வீர்கள். அதனால் அது கண்ணில் படாது. மனம் தடுமாறினால் வேலையை வேறு ஒருவரிடம் கொடுங்கள். கொடுக்க முடியாவிட்டால் மற்றவர்களுக்குச் செய்வதை அவருக்கும் செய்யுங்கள்.

கௌதம் புறப்பட்ட அன்று செல்வராசா என்னையும் ஹீத்ரோவுக்கு வரச் சொன்னார். தாய் அழுதார். தகப்பன் பெட்டியின் நிறையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். உள்ளே போகும் வரிசையில் கௌதம் எனக்குக் கை கொடுத்தான். என் விரல்கள் நொந்தன.

“நான் இன்னும் கோவம்தான், அங்கிள்.”

“இருக்கத்தான் வேணும்,” என்றேன்.

தலையாட்டிவிட்டு, பையைத் தோளில் போட்டுக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் வேகமாக நடந்தான்.