சாமிக்கு நேராத பறவை

கோவில்பட்டிக்குக் கிழக்கே நான் குடியிருந்த கிராமத்தில் என்னைப் பார்த்தவர்கள் எல்லாரும் முதலில் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "இத வச்சு என்னவே செய்யுதீரு?"

ஆடு என்றால் கேட்க மாட்டார்கள். மாடு என்றாலும் நாய் என்றாலும் கேட்க மாட்டார்கள். என்னிடம் இருந்தது ஈமு. ஆள் உயரம், வைக்கோல் கூரை மாதிரி இரண்டு பக்கமும் சரிந்து தொங்கும் சாம்பல் நிற இறகு, செம்மஞ்சள் கண், உதைத்தால் தொடை எலும்பை முறிக்கிற கால். பறக்காது. வண்டி இழுக்காது. வருடத்தில் சில மாதம் கரும்பச்சை நிறத்தில் முட்டை இடும். மற்ற நேரமெல்லாம் தின்னும், நடக்கும், கண்ணில் பட்டதைக் கொத்திப் பார்க்கும்.

"ஒண்ணும் செய்யல. கூட இருக்கு" என்பேன். அதற்கு மேல் விளக்கம் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய கடமை எனக்கு இருப்பதாக இன்றைக்கும் தோன்றவில்லை.

அது என்னிடம் வந்த கதை சின்னது. ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்கினேன், லாரியில் கிளீனராகப் போனேன், மும்பையில் முறுக்குச் சுட்டேன். எந்த ஊரிலும் கால் தரிக்கவில்லை. அப்படிச் சுற்றிக்கொண்டிருந்தபோது மேற்கே கொங்குப் பக்கம் ஓர் ஈமுப் பண்ணையில் தீவனம் போடும் வேலை கிடைத்தது. ஈமு வளர்த்தால் கோடீசுவரன் ஆகலாம் என்று ஊர் ஊராக விளம்பரம் செய்துகொண்டிருந்த காலம். ஒரு நாள் காலையில் முதலாளி இல்லை. மறுநாளும் இல்லை. தீவன லாரி வரவில்லை. பறவைகள் ஒன்றின் இறகை ஒன்று பிடுங்கித் தின்றன, கம்பி வேலியில் மாட்டிச் செத்தன. நாங்கள் நாலைந்து வேலைக்காரர்கள் கதவைத் திறந்துவிட்டுக் கிளம்பினோம். நான் சாலைக்கு வந்து திரும்பிப் பார்த்தால் ஒன்று மட்டும் பின்னால் வந்துகொண்டிருந்தது. பாசம் என்று சொல்ல மாட்டேன். என் கையில் தீவன வாளி இருந்தது. வாளியைப் பார்த்து வந்தது. வந்ததைத் திருப்பி அனுப்ப எனக்கு இடம் தெரியவில்லை.

அதன் பிறகு செங்கல் சூளை, தேங்காய்த் தும்பு ஆலை என்று எங்கே வேலைக்குப் போனாலும் அதுவும் வந்தது. எங்கும் நிறைய நாள் தங்கவிடவில்லை. கடைசியாகத்தான் கரிசல் காட்டுக்கு வந்தேன். சீமைக் கருவேல மரத்தை வெட்டி அடுக்கி, மேலே மண் பூசி மூடி, உள்ளே தீ வைத்துக் கரியாக்குகிற மூட்டத்தில் வேலை. தலை முதல் கால் வரை கரி. பக்கத்தில் நிற்கும் பறவை என்னைவிட வெளுப்பாகத் தெரியும்.

ஊரில் இட்லிக்கடை போட்டிருந்த ஒரு அக்கா தன் வீட்டுக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகையை எனக்கு வாடகைக்கு விட்டாள். கணவன் இறந்து, தனியாகக் கடையை நடத்துகிறவள். பறவையை முதன்முதலில் பார்த்தபோது இடுப்பில் கை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள்.

"ஏலே, ஒட்டகத்துக்கும் கோழிக்கும் நடுவுல நிக்கி. கடிக்குமா?"

"கடிக்காது யக்கா. கொத்தும்."

"அப்பச் சரி. கொத்துறதுக்கு ஊர்ல ஆளா இல்ல. இதுவும் இருந்துட்டுப் போட்டும்."

மழை பெய்து மக்காச்சோளம் முழங்கால் உயரம் வந்த சமயம், ஒரு நாள் பறவை கயிற்றை அறுத்துக்கொண்டு காட்டுக்குள் போய்விட்டது. பயிரின் குருத்துக்குள் படைப்புழு இருந்தது. அதைக் கொத்தித் தின்னும் சாக்கில் குருத்தையும் சேர்த்துத் தின்றது. காட்டுக்காரர் கோடரியோடு ஓடி வந்தார். அவர்தான் ஊர்க் கோயிலின் கோமரத்தாடி, கொடைத் திருவிழாவில் சாமி வந்து ஆடுகிறவர். மற்ற நாளில் காட்டை உழுது பிழைக்கிற கோபக்காரச் சம்சாரி. நான் மூட்டத்திலிருந்து ஓடிப் போய்ச் சேர்வதற்குள் கோடரி தலைக்கு மேல் போய்விட்டது. குடத்தோடு வரப்பில் வந்துகொண்டிருந்த அக்கா கத்தினாள்.

"அடிச்சிராதீக! அது சாமிக்கு நேந்துவிட்டது!"

கோடரி அப்படியே நின்றது.

கரிசல் ஊர்களில் சாமிக்கு நேர்ந்துவிட்ட கிடா யார் காட்டிலும் மேயலாம். யாரும் விரட்ட மாட்டார்கள். கல் எடுக்க மாட்டார்கள். எதிரியின் கிடாவாக இருந்தாலும் பயிரைத் தின்னவிட்டுத் தள்ளி நிற்பார்கள். கொடை வரும்வரை அது ஊரின் செல்லப்பிள்ளை. கொடை அன்று அதை வெட்டுவார்கள்.

அன்று சாயங்காலம் அக்காவிடம் போனேன். "நான் நேரலையே யக்கா."

"வாய்ல வந்தத சொன்னேன்லே. உசுரு தப்பிச்சிச்சில்லா? கொடை பங்குனியிலதான. பொறவு பாத்துக்கிடலாம்." சொல்லிக்கொண்டே ஒரு மஞ்சள் துணியை அதன் கழுத்தில் கட்டினாள்.

நான் அவிழ்த்தேன். மறுநாள் யாரோ கட்டியிருந்தார்கள். மறுபடி அவிழ்த்தேன். டீக்கடையில் எல்லார் முன்னாலும் சொன்னேன், "இது என் பறவை, எந்தச் சாமிக்கும் நேரல." சிரித்தார்கள். "கிடா வளக்கவன் எல்லாரும் கடைசில இப்படித்தான்வே சொல்லுவான். பிரிய மனசு வராது" என்றார் ஒருவர். சாமிக்கு எப்போதும் ஆடும் சேவலும்தானே, இப்படி ஒன்று எந்த ஊர்ச் சாமிக்கும் கிடைத்ததில்லை என்பதில் அவர்களுக்கு ஒரு பெருமையும் வந்திருந்தது. மார்கழியில் அது பச்சை முட்டை இட்டதும் என் மறுப்பு எடுபடாமல் போனது. பெண்கள் வந்து முட்டையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். கம்பும் கீரையும் கொண்டுவந்து போட்டார்கள். என் வாழ்க்கையில் எனக்கு இப்படி யாரும் தேடி வந்து சோறு போட்டதில்லை. பறவை கொழுத்தது.

பங்குனியில் கோயிலில் கொடைக்குப் பந்தல்கால் நாட்டியதும் தர்மகர்த்தா வந்தார். நல்ல மனிதர்தான். மரியாதையாகத்தான் பேசினார்.

"செவ்வாக்கிழம கொடை. குளிப்பாட்டிக் கூட்டிட்டு வந்துரும்."

"நான் வரமாட்டேன் அண்ணாச்சி."

"நீரு வராண்டாம். அது வந்தாப் போதும்."

முந்தின நாளே பறவையோடு கிளம்பிப் போய்விடச் சொன்னாள் அக்கா. மூட்டம் எரிந்துகொண்டிருந்தது. இடையில் விட்டுப் போனால் உள்ளே அத்தனையும் சாம்பலாகும். ஆனால் அது மட்டும் காரணம் இல்லை. ஓடிப்போனால் அது சாமி சொத்து, நான் அதைத் திருடிக்கொண்டு போனவன் என்றாகிவிடும். திருடாத பொருளுக்கு நான் ஏன் ஓட வேண்டும்?

செவ்வாய்க்கிழமை நானே அதை நடத்திக்கொண்டு போனேன். மேளச் சத்தத்தில் மிரண்டது. பின்னாலிருந்து இரண்டு பக்கமும் அணைத்துப் பிடித்துக்கொண்டேன், அப்படிப் பிடித்தால்தான் அடங்கும். கூட்டத்துக்கு நடுவில் நின்று சத்தமாகச் சொன்னேன். "இது நேர்ந்த உருப்படி இல்ல. எல்லாரும் கேட்டுக்கிடுங்க."

"சாமிட்ட கேப்போம்" என்றார் தர்மகர்த்தா.

சாமியிடம் கேட்கும் முறை இதுதான். மஞ்சள் நீரை விலங்கின் தலையிலும் முதுகிலும் தெளிப்பார்கள். அது உடம்பைச் சிலுப்பினால், துலுக்கிவிட்டது என்பார்கள். அதற்குச் சம்மதம், சாமிக்கும் சம்மதம். சிலுப்பாவிட்டால் வெட்டக் கூடாது. ஆடு எப்படியும் சிலுப்பும்.

தர்மகர்த்தா வேப்பிலையால் தெளித்தார். பறவை கண்ணை மூடிக்கொண்டது. ஒரு செம்பு நிறைய ஊற்றினார். அது அப்படியே தரையில் உட்கார்ந்து கழுத்தை நீட்டியது. பங்குனி வெயில். ஈமுவுக்குத் தண்ணீரைப் போல உலகத்தில் வேறு எதுவும் பிடிக்காது. குடத்தோடு ஊற்றினார்கள். அது ஒரு பக்கமாகச் சாய்ந்து மறுபக்க முதுகைக் காட்டியது.

"அப்படியே சோப்பும் போட்டு விடுங்க அண்ணாச்சி!" என்றது ஒரு குரல். மேளக்காரர் சிரித்ததில் அடி தப்பியது.

அடுத்த குடம். அதற்கடுத்த குடம். குழாயில் வாரத்துக்கு ஒரு தடவை தண்ணீர் வருகிற ஊர். பெண்கள் பக்கம் சலசலத்தது. "குடிக்கத் தண்ணியக் காணோம். இங்கன தீக்கோழிக்கு மங்கல நீராட்டா?"

"இது சாமிக்கு வேண்டாம் போலுக்கே" என்று ஒரு பெரியவர் சொன்னார். தர்மகர்த்தா குடத்தைக் கீழே வைத்தார். அக்கா என் முதுகுக்குப் பின்னால் வந்து கிசுகிசுத்தாள். "எந்திரிக்க விடாதலே. அமுக்கிப் பிடி."

அவளுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். தண்ணீர் நின்றதும் அது எழுந்திருக்கும். எழுந்தால் சிலுப்பும். கொட்டகைக்குப் பின்னால் ஒவ்வொரு தடவை குளிப்பாட்டும்போதும் எங்கள் இருவர் மேலும் தெறித்திருக்கிறது. நான் அமுக்கிப் பிடிக்கவில்லை. பிடித்து ஜெயித்தால் இந்தக் கேள்வியை அவர்கள் கேட்டது சரி என்று நான் ஒத்துக்கொண்டதாகும். அடுத்த வருடமும் கொடை வரும், குடமும் வரும்.

பறவை எழுந்தது. கழுத்திலிருந்து வால் வரை ஒரு சிலுப்பு. தர்மகர்த்தாவின் சட்டை நனைந்தது, மேளம் நனைந்தது. பெண்கள் குலவை போட்டார்கள். கோமரத்தாடி அரிவாளோடு முன்னால் வந்தார். கால் சலங்கை குதித்தது, கண் மேலே செருகியிருந்தது.

நான் பறவையின் கழுத்தை என் கைக்குள் இழுத்துக்கொண்டு நடுவில் நின்றேன்.

"தள்ளுவே!" என்று நாலு பக்கமும் கத்தினார்கள்.

"தள்ள மாட்டேன். நனைஞ்சா அது சிலுப்பும். நேத்தும் சிலுப்பிச்சு, நாளைக்கும் சிலுப்பும். வெட்டுங்கன்னு அது யார்ட்டயும் சொல்லல."

"எனக்கு நேந்தத எனக்குக் குடு!" என்றார் கோமரத்தாடி, சாமியின் குரலில்.

"நேர்ந்தது யாருன்னு கேளு சாமி. நான் இல்ல."

அப்போது அக்கா முன்னால் வந்தாள். நான் அதை எதிர்பார்க்கவில்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அரிவாளுக்கு நேராக நின்றாள். "நான்தான் சாமி சொன்னேன். பொய் சொன்னேன். நீ எறங்கியிருக்கியே இந்த மனுசன், இவருதான் அன்னைக்குக் கோடாலிய ஓங்குனாரு. வேற என்ன சொல்லித் தடுக்க? தண்டன குடுக்கதா இருந்தா எனக்குக் குடு. அதுக்கு முன்ன இவருட்டயும் ஒரு வார்த்த கேளு."

கோமரத்தாடியின் சலங்கை நின்றது. சாமி, தான் இறங்கிய ஆளிடமே எப்படிக் கேட்பது? கூட்டத்தில் யாரோ சிரிக்கத் தொடங்கி அடக்கிக்கொண்டார்கள். அரிவாள் கீழே இறங்கவும் இல்லை, மேலே போகவும் இல்லை. நான் அந்த இடைவெளியில் பறவையைத் திருப்பி நடந்தேன். ஈரக் காலோடு அது வருவதைப் பார்த்துக் கூட்டம் தானாக விலகியது.

தர்மகர்த்தா பின்னாலிருந்து சொன்னார். "இனி ஒனக்கு இந்த ஊர்ல வேலையும் கெடையாது, தண்ணியும் கெடையாது."

எனக்கு எந்த ஊரில்தான் அவை நிலையாக இருந்தன? சாயங்காலத்துக்குள் கிளம்பிவிட்டேன். மூட்டத்தை அப்படியே விட்டேன். அது சாம்பலாகிப் போனதாகப் பிறகு கேள்விப்பட்டேன். அக்கா சொன்ன பொய்க்கு ஒரு சேவலைக் கோயிலுக்குக் கொடுக்க வைத்தார்கள். கொடுத்தாள். கொஞ்ச நாள் அவள் கடையில் யாரும் இட்லி வாங்கவில்லை. ஊரில் வேறு இட்லிக்கடை இல்லாததால் திரும்ப வந்தார்கள்.

இப்போது கயத்தாறுக்குப் பக்கத்தில் நாற்கரச் சாலையோரம் ஒரு பஞ்சர் கடையில் இருக்கிறேன். கடைக்குப் பின்னால் வேலி போட்ட இடத்தில் பறவை நிற்கிறது. வயதாகிவிட்டது, முட்டை நின்றுவிட்டது. லாரிக்காரர்கள் இறங்கி வந்து போட்டோ எடுக்கிறார்கள், அதே கேள்வியைக் கேட்கிறார்கள். நானும் அதே பதிலைச் சொல்கிறேன்.

போன மாதம் அக்கா திருநெல்வேலி பஸ்ஸில் வந்து இறங்கினாள். ஒரு பை நிறையக் கீரை கொண்டுவந்திருந்தாள். வேலியைப் பிடித்துக்கொண்டு அது தின்னுவதைப் பார்த்தாள்.

"எளச்சுப் போச்சேலே. ஊர்ல அவிய இன்னும் இத சாமி சொத்துன்னுதான் சொல்லுதாவ, தெரியுமா?"

"வந்து கேக்கச் சொல்லுங்க யக்கா" என்றேன். "இங்கனதான் இருக்கேன்."