நீலக் கண்ணாடி வைத்த ஜேசிபி

கருங்கல்லால் இரும்புப் பொம்மை வண்டியை நசுக்கும்போது ஒரு வாசனை வரும். உரிந்த மஞ்சள் பெயின்டும் சூடேறிய இரும்பும் கலந்து நாக்கின் அடியில் புளிக்கிற வாசனை. போன மாதம் என் ஐந்து வயது மகள் மீனு, பள்ளியில் பக்கத்துப் பிள்ளையின் நெற்றியில் பொம்மை லாரியால் அடித்துவிட்டாள் என்று டீச்சர் கூப்பிட்டு அனுப்பினார். அந்த லாரியை என் கையில் கொடுத்ததும் அதை மூக்கருகே கொண்டுபோய்விட்டுத்தான் அடிபட்ட பிள்ளை எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன். எந்தத் தாயாவது அப்படிச் செய்வாளா என்று அன்று முழுக்க என்னையே கேட்டுக்கொண்டிருந்தேன்.

நான் வளர்ந்தது எல்லாமே கப்பலில் வந்து இறங்குகிற ஒரு தீவில், டாலிகஞ்சில். அப்பா ஒரு ரோடு காண்டிராக்டரிடம் டோசர் ஓட்டினார். நாள் முழுக்க மலையை அறுத்துவிட்டு வரும் கை வீட்டுக்கு வந்த பிறகும் ஓயாது. "எங்கிட்ட லீவர் ரெண்டுதான், முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு. நடுவுல பேச்சுக்கு எடமில்ல" என்று சொல்லிக்கொண்டே பெல்ட்டை உருவுவார். அப்படிப்பட்டவரின் மகள் ஏன் டோசரும் ரோலரும் டிப்பருமாகப் பொம்மை வண்டிகளைச் சேர்த்தாள் என்று இப்போது யோசித்தால், அவர் மேல் இருந்த ஆசையா, என் கைக்குள் அடங்குகிற ஒரு யந்திரமாவது வேண்டும் என்ற வெறியா, தெரியவில்லை.

என்னோடு சேர்த்தவள் ரஹீமா. நாலாம் வகுப்பில் என் பெஞ்சுக்காரி. ராமநாதபுரத்திலிருந்து வந்த அவளுடைய வாப்பா தெருமுனையில் ஃபேன்சி ஸ்டோர் வைத்திருந்தார். மெயின்லாந்திலிருந்து கப்பல் வந்து, அட்டைப் பெட்டி பிரிந்தால்தான் எங்களுக்குப் புது வண்டி. ஒரே அச்சில் வார்த்த வண்டிகள்கூட ஒன்றுபோல் இருக்காது. ஒன்றின் சக்கரம் கறுப்பு, இன்னொன்றின் சக்கரம் சாம்பல். ஒன்றின் அடித்தகடு இரும்பு, இன்னொன்றினது பிளாஸ்டிக். அந்த வேறுபாடுகளுக்கு நாங்களே ஒரு சட்டம் எழுதி வைத்திருந்தோம். இரும்பு வயிறும் சாம்பல் சக்கரமும் வெள்ளைக் கண்ணாடியும் இருந்தால் "சென்னைக் கப்பல்". பிளாஸ்டிக் வயிறும் கறுப்புச் சக்கரமும் நீலக் கண்ணாடியும் இருந்தால் "கல்கத்தா கப்பல்". அரிசியும் வெங்காயமும் எந்தக் கப்பலில் வந்தன என்று கேட்டே தரம் சொன்ன ஊரில், நாங்கள் வேறு எப்படி யோசித்திருக்க முடியும்?

தெருப் பிள்ளைகளில் யாராவது அபூர்வ வண்டி என்று எதையாவது கொண்டுவந்தால் கடைக்குப் பின்னால் சாக்கடை மூடிய சிமெண்ட் பலகையில் விசாரணை நடக்கும். "பேட் திக்கா!" என்று கத்துவோம். வயிற்றைக் காட்டு என்று அர்த்தம். வேறு வண்டியின் உறுப்பைப் பிடுங்கி மாட்டியது என்று தெரிந்தால் அது "நக்லி". நக்லிக்குத் தண்டனை மூன்று கல். கண்டுபிடித்தவர் போட வேண்டும், வண்டிக்காரர் அழக் கூடாது, அழுதால் நாலாவது கல். ரோலரைப் பிளந்திருக்கிறோம், டிப்பரின் தலையைச் சப்பையாக்கியிருக்கிறோம். வண்டி கிடைக்காத நாட்களில் ஒருவரையொருவர் அடித்துக்கொண்டோம். ரஹீமாவின் முடி ஒரு பிடி என் கையோடு வந்திருக்கிறது. என் முன்பல்லின் மூலை அவள் முழங்கையில் உடைந்தது. டோசர்காரரின் பெண் என்பதால் தீர்ப்பு மட்டும் எப்போதும் என்னுடையது.

ஒரு மழைக்காலத்தில் கப்பல் மிகவும் பிந்தி வந்தது. மறுநாள் ரஹீமா துப்பட்டாவுக்குள் மறைத்து ஒரு ஜேசிபி கொண்டுவந்தாள்.

"பாத்தியாடி? எங்கிட்ட மட்டுந்தான் இருக்கு. ஒங்கப்பா ஓட்டுற வண்டிக்கே நீலக் கண்ணாடி கெடையாது."

"பேட் திக்கா."

திருப்பினாள். இரும்பு வயிறு, சாம்பல் சக்கரம். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"சென்னைக் கப்பல் வண்டிக்கு ஏதுடி நீலக் கண்ணாடி? கல்கத்தா வண்டியிலேருந்து பிடுங்கி மாட்டியிருக்க. நக்லி."

"வாப்பா மேல சத்தியமா, இப்பத்தான் அட்டையிலேருந்து பிச்சேன்."

"அப்ப அட்டை எங்க?"

"வாப்பா பாத்தா கொன்னுடும்னு அடுப்புல போட்டுட்டேன்."

"ஜூட்டி! ஜூட்டி!" பொய்க்காரி என்று கூட்டம் கூவியது.

வண்டியைப் பிரித்து மாட்டினால் வயிற்றிலிருக்கும் ரிவிட் ஆணியில் கீறல் விழும். அந்த ரிவிட் கீறலே இல்லாமல் பளபளத்தது. பார்த்தேன் என்றுதான் நினைக்கிறேன். பார்த்தும், அப்பாவைப் பற்றி அவள் சொன்னதற்காகவே கல்லை எடுத்தேனா? முதல் கல்லில் மண் அள்ளும் கை ஒடிந்து தெறித்தது. இரண்டாவதில் கூரை உள்ளே போய், நீலக் கண்ணாடி தூளானது. மூன்றாவது கல்லை நான் ஓங்கியபோது ரஹீமா வண்டியின் மேல் கையை வைத்தாள். அதற்குள் கல் என் கையைவிட்டுப் போய்விட்டது என்றே இத்தனை வருடமாக எனக்கு நானே சொல்லிவருகிறேன்.

மோதிர விரலின் நகம் பலகையில் கிடந்தது. எலும்பு வெள்ளையாகத் தெரிந்து, பிறகு ரத்தத்தில் மறைந்தது. ரஹீமா அழவில்லை. நாலாவது கல்லுக்குப் பயந்து உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள், உதட்டிலும் ரத்தம்.

கட்டுப் போட்டுக் கூட்டிவந்த வாப்பா, கடைச் சாமானைத் திருடியதற்காக அவளைக் கையிலிருந்த குடையாலேயே அடித்தார். எங்கள் வீடு வரை கேட்டது.

"கல்லு போட்டது யாரு?" என்றார் அப்பா.

"அவளேதான் கைய வச்சா. நக்லிய கொண்டாந்து ஏமாத்துனாப்பா."

அன்று அவர் பெல்ட்டைத் தொடவில்லை. "பொய்க்காரிகூட சேராத" என்று மட்டும் சொன்னார். வாங்கிய எந்த அடியும் அப்படி வலித்ததில்லை.

மூன்று வாரம் கழித்து, வாழ்க்கையில் முதல்முறையாக, அப்பா எனக்கு அபர்டீன் பஜாரிலிருந்து ஒரு பொம்மை வாங்கிவந்தார். அட்டை பிரிக்காத ஜேசிபி. இரும்பு வயிறு, சாம்பல் சக்கரம், நீலக் கண்ணாடி. அதை அரிசி டிரம்மின் அடியில் புதைத்தேன். ரஹீமாவின் விரல் கோணலாகவே கூடியது. அவள் பெஞ்சு மாறிவிட்டாள்.

வண்டி சேர்ப்பவர்கள் எழுதுவதை இப்போது போனில் படிக்கிறேன். தொழிற்சாலையில் ஒரு நிறக் கண்ணாடி தீர்ந்தால் கையிலிருக்கும் இன்னொன்றை மாட்டி அனுப்புவார்களாம். அப்படி இடையில் வந்தவைதான் அபூர்வமாம். கப்பலுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

மீனுவை அந்தப் பிள்ளையின் வீட்டுக்கு அழைத்துப்போய் மன்னிப்புக் கேட்க வைத்தேன். திரும்பும் வழியில் எனக்கு வெட்கமாக இருந்தது. மறுநாள், இன்னும் பிரிக்காத அந்த ஜேசிபி அட்டையைப் பையில் போட்டுக்கொண்டு, மீனுவோடு டாலிகஞ்சுக்குப் போனேன்.

சாக்கடைப் பலகை ரோட்டுக்கு அடியில் போய்விட்டது. கப்பல் வந்துவிட்டதா என்று கேட்கிற பிள்ளைகள் இல்லை. வாப்பாவின் கடையில் இப்போது போன் கவர்கள் தொங்குகின்றன, கல்லாவில் ரஹீமா. அட்டையை நீட்டினேன். கோணல் விரலால் அதைக் கிழித்து, வண்டியைத் திருப்பி, ரிவிட்டைத் தடவினாள்.

"எப்ப கெடச்சிச்சு?"

"அப்பவே. மூணு வாரத்துல."

வண்டியைக் கல்லாமேல் நிறுத்தினாள். பிறகு, "கல்லு எங்கடி?" என்றாள்.

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. அதைக் கட்டளையாக எடுத்துக்கொண்ட மீனு வெளியே ஓடி, இரண்டு கையாலும் ஒரு கருங்கல்லைத் தூக்கிவந்தாள். ரஹீமா வாசற்படியில் வண்டியை வைத்தாள். அவள் போட்ட முதல் கல்லில் மண் அள்ளும் கை ஒடிந்தது. இரண்டாவதில் நீலக் கண்ணாடி நொறுங்கியது. அதே வாசனை. மூன்றாவதற்கு நான் கையை வைக்க வேண்டுமோ என்று நினைத்தேன். வைக்கவில்லை.

ரஹீமா கல்லைக் கீழே இறக்கினாள். "ரெண்டு போதும். மூணாவது அன்னைக்கே விழுந்துருச்சு."

நான் அழுதுவிட்டேன். அழுதால் நாலாவது கல் என்பது அவளுக்கும் நினைவிருந்திருக்கும். அவள் கல்லை மீனுவிடம் கொடுத்து, "எங்கேருந்து எடுத்தியோ அங்கயே வச்சிட்டு வா, ராஜாத்தி" என்றாள்.