ஏழாம் இடத்து அண்ணன்

இடது கைச் சுண்டுவிரல் நகத்தை மட்டும் புவனா வெட்டுவதில்லை. கம்ப்யூட்டரில் போட்டு எடுக்கும் பிளாப்பித் தட்டின் மூலையில் சின்னதாக ஒரு தாழ் இருக்கிறது. அதை அந்த நகத்தால் தள்ளிவிட்டால் பூட்டின மாதிரி. உள்ளே இருப்பதை யாரும் அழிக்கவும் முடியாது, மாற்றி எழுதவும் முடியாது. அன்னூரில் உரக்கடை மாடியில் அவள் நடத்தும் கம்ப்யூட்டர் சென்டருக்குக் கணக்குப் படிக்க வருகிறவர்களின் பிளாப்பிகளைச் சாயங்காலம் இப்படித் தாழ் போட்டுத்தான் கொடுத்தனுப்புகிறாள். கம்ப்யூட்டரிடமும் மரியாதையாகத்தான் பேசுவாள். அது திணறி நின்றுபோனால், "ஏனுங்க, என்னாச்சுங்க?" என்பாள். தன்னை அவள் இத்தனை பொறுமையாக ஒருநாளும் விசாரித்ததில்லை என்கிறார் புருஷன் மயில்சாமி.

கம்ப்யூட்டரில் ஆட ஒரு விளையாட்டும் அவளே செய்திருந்தாள், ரேக்ளா மாட்டுவண்டி ஓட்டுவது. அன்னூரிலிருந்து காரமடைத் தேருக்குப் போய்ச் சேர வேண்டும். எதிரே மதுக்கரை சிமெண்ட் லாரிகள் வரும், நடுரோட்டில் நாய் படுத்திருக்கும். சொல்லிக்கொடுக்க யாரும் இல்லை. பேசிக் என்கிற கம்ப்யூட்டர் மொழிப் புத்தகத்தின் கடைசிப் பாடத்தில் ஒரு பந்து குதித்தது. அந்தப் பந்தை மாடாக்குவதற்குள் ஒரு மழைக்காலம் போய்விட்டது. முதலில் மாடு ஓடிற்று, வண்டி நின்ற இடத்திலேயே நின்றது. அப்புறம் வண்டி மாட்டை முந்திக்கொண்டு ஓடிற்று. தமிழ் எழுத்துகளைக் கட்டம் போட்ட தாளில் புள்ளி புள்ளியாக வரைந்து ஏற்றினாள். 'ழ' மட்டும் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் தின்றது.

லாரியில் மோதினால் மாடு சாகாது. ஓரமாகப் படுத்து அசைபோடும். "தோத்துப்போட்டீங்க. பரவாயில்லைங்க, மறுக்கா வாங்க" என்று எழுத்து வரும். மாடு சாகிற விளையாட்டை எந்த முகத்தோடு சொந்தக்காரர் வீட்டுக்குக் கொண்டுபோவது என்பது அவள் கேள்வி.

சொந்தக்காரர் வீடுகளுக்குத்தான் அது முதலில் போயிற்று. காந்திபுரத்துக் கடைக்காரர் ஒருவர் கண்ணாடிப் பெட்டியில் வைக்கக் கொஞ்சம் பிளாப்பிகளை வாங்கிக்கொண்டார். மீதியைத் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கோடு வைத்து, கல்யாணப் பத்திரிகை வைக்கிற மாதிரி புருஷனும் பெண்டாட்டியுமாக வீடு வீடாகப் போய்க் கொடுத்தார்கள். கம்ப்யூட்டர் இல்லாத வீடுகளையும் விடவில்லை. விட்டால் பேச்சு வரும். காரமடையில் சின்ன அத்தை பழனியாத்தாள் அதற்குப் பொட்டு வைத்துச் சாமி படத்தருகே நிறுத்தியிருக்கிறார்.

வினை கடைசித் திரையில் இருந்தது. ஆட்டம் முடிந்ததும் அதிகப் புள்ளி எடுத்தவர்கள் வரிசை வரும். அது வெறுமையாக இருந்தால் பார்க்க நன்றாயில்லை என்று சொந்தக்காரர் பேர்களையும் கைக்கு வந்த புள்ளிகளையும் புவனாவே போட்டு வைத்திருந்தாள். முதல் இடம் புருஷனின் அண்ணனுக்கு. வாழ்க்கைப்பட்ட வீடு, அப்படித்தான் போட முடியும். அடுத்தடுத்து அந்த வீட்டு ஆட்கள். ஆறாவது பிறந்த வீட்டுப் பங்காளி சென்னியப்பன். ஏழாவது கூடப்பிறந்த அண்ணன் ஆறுச்சாமி. நம்ம அண்ணன்தானே, கோவிக்கமாட்டார் என்று விட்டுவிட்டாள். பொதுக்கிணற்றுத் தண்ணீர் முறைத் தகராறில் அந்த இருவருக்கும் பேச்சுவார்த்தை அற்றுப்போனதைப் பேர் அடிக்கிற நேரத்தில் கை நினைக்கவில்லை.

ஆறுச்சாமிக்குக் கணபதியில் மோட்டார் பம்ப் பட்டறை. ஆபீசுக்குப் புது கம்ப்யூட்டர் வாங்கியிருந்தார். புவனாவின் பழைய மெஷினில் நடை போட்ட மாடு அந்தப் புது மெஷினில் கண்ணுக்கே தெரியவில்லை. பொத்தானைத் தொட்டதும் லாரியில் மோதி ஆட்டம் முடிந்து வரிசை வந்து நின்றது. எத்தனை முறை தொட்டாலும் வரிசைதான் வந்தது. தங்கச்சி செய்த விளையாட்டே அதுதான் என்று அவர் எடுத்துக்கொண்டார்.

அன்றைக்கே போன் வந்தது.

"மாட்டையுங் காணோம், வண்டியையுங் காணோம் அம்மணி. பேரு மட்டும் நல்லாத் தெரிஞ்சுது. நா ஏழாவது ஆளு. ஆறாவது ஆளு மடியில பாப்பாவெ உக்கார வெச்சுக் காது குத்திக்குங்க."

பாப்பா என்றது புவனாவின் மகள் யுவஸ்ரீயை. வருகிற வெள்ளிக்கிழமை காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்காராமல் குழந்தைக்கு எப்படிக் காது குத்துவது? புவனாவுக்கு இருப்பதும் ஒரே அண்ணன். அவர் பேரை முதலில் போட்டுவிடலாமே என்றார் மயில்சாமி. போட்டால் உங்கண்ணன் வரமாட்டாருங்க என்றாள் அவள். எல்லாப் பேரையும் எடுத்துவிடலாம் என்றார். எடுத்தால் ஒருத்தருமே வரமாட்டார்கள் என்றாள்.

மறுநாள் பஸ் ஏறிக் கணபதிக்குப் போனாள். அண்ணன் நிமிர்ந்து பார்க்கவில்லை. பட்டறைப் பையனிடம் டீ வாங்கிவரச் சொன்னார், தங்கச்சிக்குச் சர்க்கரை தூக்கலாக. புவனா கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பிளாப்பியைப் போட்டாள். மாடு ஓரடி வைத்ததும் மெஷின் சும்மா எண்களை எண்ண வேண்டும், எண்ணி முடித்த பிறகே அடுத்த அடி. புது மெஷின் எண்ணுவதில் சூரன், அதனால்தான் மாடு கண்ணுக்குத் தெரியாமல் பறந்தது. அதிகம் எண்ணச் சொன்னாள். அப்புறம் இன்னும் கொஞ்சம் அதிகம். இப்போது லாரி வந்துசேருவதற்குள் ஒரு வாய் டீ குடிக்கலாம்.

"ஒருக்கா ஓட்டிப் பாருங்கண்ணா."

அவர் ஒரு விரலால் ஓட்டினார். மற்றக் கை மேஜைக்குக் கீழே இல்லாத மாட்டுக் கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தது. யாருடைய புள்ளியைத் தாண்டினாலும் அந்த ஆளின் பேர் திரையில் மேலே வந்து மறையும். கீழ் வரிசைப் பேர்கள் வந்து போயின. அவர் பேரே வந்தது, சட்டை செய்யவில்லை. சென்னியப்பன் பேர் வந்து மறைந்தது. ஆறுச்சாமி விரலை எடுத்துவிட்டார்.

"இன்னும் போலாமுங்கண்ணா. மொத எடத்துக்கே வந்தர்லாம்."

"போதும் அம்மணி. அதெல்லாம் உன்ற ஊட்டுக்காரங்க எடம்."

லாரி நிதானமாக வந்து மோதிற்று. மாடு படுத்து அசைபோட்டது. தோத்துப்போட்டீங்க, பரவாயில்லைங்க என்றது மெஷின். பேர் கேட்ட இடத்தில் புவனா அடித்துக் கொடுத்தாள். பழைய பேரும் இருந்தபடியால், சென்னியப்பனுக்கு மேலேயும் ஒரு ஆறுச்சாமி, கீழேயும் ஒரு ஆறுச்சாமி.

வெள்ளிக்கிழமை முகூர்த்தம் எத்தனை மணிக்கு என்று அவர் கேட்டார். சொன்னாள். அப்புறமும் நாற்காலியை விட்டு எழவில்லை.

"மிஷினெ நிறுத்துனா இது அழிஞ்சுபோயிருமா?"

புவனா பிளாப்பியை வெளியே எடுத்தாள். முந்தானையில் ஒரு தரம் துடைத்தாள். சுண்டுவிரல் நகத்தால் தாழைத் தள்ளி, அண்ணனின் சட்டைப் பையில் வைத்தாள்.