காலில் களை பிடுங்கினேன்

தோலைப் பற்றிப் பத்தாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குப் பன்னிரண்டு வருஷம் படிப்பித்தவள் நான். மேற்றோல், உட்டோல், மயிர்ப்புடைப்பு என்று கரும்பலகை நிறையப் படம் கீறி, ஒரு பெயர் பிழைத்தாலும் அரைப் புள்ளி வெட்டியவள். அந்த நான் என் சொந்தக் கணவரின் காலில் பார்த்த வேலைக்கு எத்தனை புள்ளி போடுவது என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை.

சுனாமி வந்த அன்று, தண்ணீரோடு வந்த கூரைத் தகரம் ஒன்று அவருடைய வலது காலின் முன்பக்கத் தோலை முழங்காலுக்குக் கீழிருந்து வழித்துக்கொண்டு போனது. எங்கள் வீடும் போனது. பக்கத்து வளவில் இருந்த என் தங்கச்சியும் போனாள். அவளைப் பற்றி எனக்கு அப்போதும் கதைக்க வரவில்லை, இப்போதும் எழுத வரவில்லை. நான் படிப்பித்த பள்ளிக்கூடமே முகாமானது. எங்களுக்குக் கிடைத்தது விஞ்ஞான அறை. சுவரில் நான் ஒட்டிய தோலின் படம், அதற்குக் கீழே பாய், பாயில் கால் நீட்டி என் கணவர்.

காரைதீவுப் பக்கமிருந்து மோட்டார் சைக்கிளில் வரும் இளம் டொக்டர் ஒருவர்தான் மருந்து கட்டினார். ஜனவரிக் கடைசிக்குள் தோல் மூடாவிட்டால், பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பித் தொடையில் தோல் எடுத்து ஒட்ட வேண்டும் என்றார். அலைக்கே அசராத மனிசன் அதைக் கேட்டு வெளிறிப் போனார். வலிக்குப் பயமில்லையாம். தொடையை நர்ஸ் பிள்ளைகள் பார்ப்பார்களே, அதுதான் கவலை.

இரண்டாவது கிழமை ஒருநாள், கட்டு மாற்றும்போது என்னைக் கூப்பிட்டார். சிவந்த புண்ணுக்கு நடுவே ஏழெட்டுக் கறுப்பு முடிகள் நின்றன.

"இஞ்ச பாரு புள்ள, களை. இத விட்டா பயிர் எழும்புமா? புடுங்கு."

அவர் வயல்காரர். மழை, கடன், கல்யாணம் எதைக் கேட்டாலும் வயலைக் கொண்டுதான் விளக்கம் சொல்வார். நானும் மறுபேச்சில்லாமல் அலுமாரியில் இருந்த, முள்ளெடுக்கும் சாவணத்தை எடுத்துச் சுடுநீரில் கழுவி, ஒவ்வொரு முடியாகப் பிடுங்கினேன். மறுநாளும் இரண்டு கண்டுபிடித்தார். பின்னேரம் அசர் தொழுகைக்குப் பிறகு களை பிடுங்குவது எங்களுக்கு ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது.

அதைப் பார்த்த முகாம் பெண்கள் என்னை அரை டொக்டராக்கிவிட்டார்கள். நிவாரணப் பெட்டிகளில் கம்பளிக் கோட்டுகளோடு எண்ணெய் நிரப்பிய விற்றமின் குளிசைப் போத்தல்களும் வந்திருந்தன. என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார்கள். ஒட்சியேற்றத்தைத் தடுப்பது என்று எழுதியிருந்தது. விளங்கவில்லை என்றார்கள். கடற்காற்றில் இரும்பு துருப்பிடிக்கிறதல்லவா, நம் உடம்பைக் கட்டியிருக்கும் நுண்ணிய கலங்களுக்கும் ஒட்சிசனால் அப்படி ஒரு கெடுதி நடக்கும், இது அதைத் தடுக்கும் என்று ஆசிரியைக்குரிய மிடுக்கோடு சொன்னேன். மறுநாள் காலையில், குளிசையைக் குத்திப் பூசிக்கொண்டதில், முகாமில் பாதிப்பேருடைய முகத்தில் எண்ணெய் வடிந்தது. அதற்குத் துருவெண்ணெய் என்று பெயரும் வைத்தாயிற்று.

எங்கள் வயல்காரர் சும்மா இருப்பாரா? மற்றவர்கள் ஒன்று விழுங்கினால் அவர் மூன்று. இன்னும் இரண்டைக் குத்திப் பிழிந்து புண்ணிலும் சுற்றிலும் பூசினார். "யூரியா எறியிற மாதிரித்தான். கூட எறிஞ்சா கூட விளையும்," என்றார். நாலாம் நாள் விளைந்தது. புண்ணைச் சுற்றிச் சிவப்புச் சிவப்பாகக் கொப்புளம், சொறியச் சொறியத் தாங்க முடியாத கடி.

டொக்டர் வந்து பார்த்தார். எண்ணெய்க் கதையைக் கேட்டுத் தலையில் கை வைத்தார். பிறகு உற்றுப் பார்த்துவிட்டு, "இதில நின்ற முடியெல்லாம் எங்க?" என்றார்.

"களை எண்டு புடுங்கின," என்றார் இவர்.

டொக்டர் எழும்பிப் போய்ச் சுவரில் இருந்த என் படத்தில், நான் அம்புக்குறி போட்ட இடத்திலேயே விரலை வைத்தார். "காக்கா," என்று அண்ணனைக் கூப்பிடுவதுபோல் கூப்பிட்டார். "இந்த முடிவேரோடதான் தோலின்ர தாய்க்கலங்கள் இருக்கு. காயம் பட்டா அதுகள்தான் மேல வந்து புதுத் தோலாப் பரவும். நீங்க புடுங்கினது களை இல்ல, விதைநெல்லு. ஆர் புடுங்கினது?"

"நான்தான்," என்றார் என் கணவர், என்னைப் பார்க்காமலே.

துருவெண்ணெய்க்கும் டொக்டர் தீர்ப்புச் சொன்னார். "துரு கூடினா அந்தத் தாய்க்கலங்களுக்குக் கெடுதிதான். ஆனா அது கொஞ்சமும் வேண்டாமெண்டில்ல. காயம் பட்டிட்டு எண்டு அதுகளைத் தட்டி எழுப்புறதிலயும் அதுக்குப் பங்கிருக்கு. பூசுறதை இண்டையோட விடுங்க. அள்ளி விழுங்கவும் வேணாம். கீரை, பழம், மீன் சாப்பிடுங்க." ஆட்களைக் கொண்டுபோன கடலின் மீனை முகாமில் ஒருவரும் தொடுவதில்லை; மீன் என்றதும் அறையில் எல்லாரும் தலையைக் குனிந்தார்கள். அவர் அதைத் திரும்பச் சொல்லவில்லை.

போகும்போது, முடிதான் போயிருக்கிறது, வேரடி ஆழத்தில் தப்பியிருக்கலாம், பார்ப்போம் என்றார். அதற்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. அவருடைய தொடையில் கத்தி வைத்தால் அது என் சாவணத்தால்தான் என்று ஒவ்வொரு தொழுகையிலும் அழுதேன்.

ஜனவரி முடிய ஐந்து நாள் இருக்கும்போது, கட்டைக் கழற்றினேன். புண்ணின் நடுவில், கரையோடு ஒட்டாமல் தனித்தனியாக, மிளகளவு வெளிறிய புள்ளிகள். எண்ணினேன், ஒன்பது. தோல். அல்ஹம்துலில்லாஹ் என்று கத்தியதில் பக்கத்து அறையில் தூங்கிய குழந்தை எழும்பிவிட்டது. புள்ளிகள் பரந்து, ஒன்றோடொன்று சேர்ந்து, தொடை தப்பியது.

பிறகு கல்யாண வீடு, பெருநாள் என்று போன இடமெல்லாம் முடியைக் களையென்று பிடுங்கச் சொன்ன வயல்காரப் போடியாரின் கதையைச் சொல்லிச் சிரிக்க வைத்தேன். அவரும் தலையாட்டிக்கொண்டு சும்மா இருப்பார்.

யுத்தம் முடிந்த வருஷம், சிறுபோக நெல் நின்ற காலத்தில், வயல் பாதையில் இராணுவச் சோதனைக் கெடுபிடி குறைந்தபோது என்னையும் கூட்டிக்கொண்டு போனார். நெல்லும் புல்லும் ஒரே பச்சையாக நின்றன. எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. அவரோ பேசிக்கொண்டே, பார்க்காமலே, புல்லை மட்டும் உருவிக்கொண்டு போனார்.

"கால் முடியக் களை எண்ட ஆளுக்கு இது மட்டும் எப்படி விளங்குது?" என்றேன்.

அவர் நிமிரவில்லை. "முப்பது வருஷமா வயல் செய்யிறவனுக்குக் களை தெரியாதா?"

"அப்ப ஏன் புடுங்கச் சொன்னீங்க?"

"கடல் வந்து எட்டு நாள் நீ வாய் திறக்கல்ல புள்ள. தங்கச்சிக்கு அழவுமில்ல. சோறு நீட்டினா கையும் நீட்டல்ல. கைக்கு ஒரு வேலை குடுத்தாச் சரிவரும் எண்டு நெனச்சன்."

"நொந்திருக்குமே."

"நொந்திச்சி. மூணாவது முடியில காலை உதறினன். 'ஆடாமக் கிடங்க மனிசன்' எண்டு ஏசினாய். அப்பதான் எனக்கு உசிரு வந்திச்சி."

எனக்குக் கண் தெரியவில்லை. அவருக்கு முகத்தைக் காட்டாமல் குனிந்து, கைக்கு வந்ததைப் பிடுங்கினேன்.

"அது நெல்லு புள்ள," என்றார்.